கட்டை மாறாத வேகம்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பட்டாசு ஊர். ஆலைக்குள் செல்போனுக்கு இடமில்லை. காலையில் வேலைக்குப் போகிற வேனிலும் சாயங்காலம் திரும்புகிற வேனிலும்தான் வாட்ஸ்அப் குரல் செய்தி, யூடியூப் பேச்சு எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டும். 1.5 மடங்கில் வைத்துக் கேட்பவர் உண்டு, 2 மடங்கில் கேட்பவரும் உண்டு. பேச்சு ஓடுகிறது, குரல் மட்டும் அதே குரலாக இருக்கிறது. அந்தக் குரலைக் காப்பாற்றப் பல ஊர்களில் பல பேர் பாடுபட்டிருக்கிறார்கள்.

திருவிழாவில் குழாய் கட்டி இசைத்தட்டு போட்ட காலத்தில் இது முடியாத காரியம். சாவி கொடுத்த கிராமபோன் தளர்ந்தால் பெண் குரல் ஆண் குரலாக இழுக்கும். தட்டு வேகமாகச் சுற்றினால் கீச்சென்று போகும். ஒலி என்பதே அதிர்வு. இரட்டை வேகத்தில் சுற்றினால் அதிர்வும் இரட்டித்து, சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். ஆரம்பகாலத் தட்டுகள் பலவும் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. அன்றைய பாடகர்கள் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினார்கள் என்பதைத் தட்டை மட்டும் நம்பிச் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

சினிமாவுக்கும் இதே சிக்கல் வந்தது. நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்த ஊமைப்பட நாளில் கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடித்தார்கள். திரையிடுகிறவர் சற்று விரைவாக ஓட்டினால் நடை துள்ளும், அவ்வளவுதான். 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ படம் பேசத் தொடங்கியதும் அந்தச் சுதந்திரம் போயிற்று. பேசும்படத்துக்கு நொடிக்கு 24 படம் என்பது கட்டாயமானது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975இல். நம் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படம். 24 படச் சினிமாவை 25ஆகவே ஓட்டிவிடுவது அந்த முறையைக் கொண்ட நாடுகளில் வழக்கம். அப்படி ஓட்டினால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும். பாட்டு, அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கும். தியேட்டரில் கேட்ட பாட்டுக்கும் வீட்டில் கேட்ட பாட்டுக்கும் இடையே நல்ல காதுள்ளவர்கள் உணர்ந்த வேறுபாடு கற்பனையல்ல.

இத்தனைக்கும், சுருதி வேறு, காலம் வேறு என்பது நம் இசையின் பாலபாடம். சரளி வரிசை படிக்கிற குழந்தை அதே கட்டையில் நின்றபடியே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டிக்கிறது. மனிதத் தொண்டை செய்வதை இயந்திரத்தால் செய்ய முடியவில்லை.

வழி பிறந்தது வெட்டி ஒட்டுவதில். 1940களில் டென்னிஸ் காபர் திரைப்பட ஒலித்தடத்தின் முன் துளையிட்ட உருளையைச் சுழலவிட்டுப் பரிசோதித்தார். (பின்னாளில் ஹாலோகிராபிக்கு நோபல் பரிசு பெற்றவர் இவரே.) அமெரிக்காவில் கார்வி என்ற உளவியலாளர் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, இடையிடையே சில துண்டுகளை எறிந்துவிட்டு மீதியை ஒட்டினார். நேரம் பாதியான பிறகும் சொற்கள் புரிந்தன! ஓர் உயிரொலிக்குள் ஒரே அலைவடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் சிலவற்றை எடுத்தாலும் காது கண்டுகொள்வதில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பேர்பேங்க்ஸ் குழு, சுழலும் காந்தத் தலைகளைக் கொண்டு இந்த வேலையைக் கருவியிடமே ஒப்படைத்தது.

முதலில் இதைப் பற்றிக்கொண்டது அவசரக்காரர்கள் அல்ல, பார்வையற்றவர்கள். பிரெயில் வாசிப்பு மெதுவானது, அன்றைய ஒலிப்புத்தகமும் அதை வாசித்தவரின் வேகத்துக்கு மேல் போகவில்லை. லூயிவில் பல்கலைக்கழகத்தின் எமர்சன் ஃபோல்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1962இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையற்ற மாணவர்கள் நிமிடத்துக்கு 275 சொல் வரை பெரிய இழப்பின்றிப் புரிந்துகொண்டார்கள். ஃபோல்க்கும் பார்வையற்றவர். நாரணாபுரத்து வேனில் கேட்கும் விரைவுக் குரலுக்கு மூதாதை அந்த மாணவர்கள் கேட்ட பாடம்தான்.

பிறகு கணினி வந்தது. 1993இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வெர்ஹெல்ஸ்டும் ரூலண்ட்ஸும், ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தும் அலைத்துண்டுகளைத் தேடி இழைத்து ஒட்டும் முறையைத் தந்தார்கள். ஒட்டு தெரியாமல் போனது. வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2021இல் வந்தது.

தமிழுக்கு இதில் தனிக் கவலை உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கல்லும் காலும், பாடும் பாட்டும் பிரிவதில் இந்தக் கால அளவுக்குப் பெரும்பங்கு உண்டு. வேகம் சீராகக் கூடினால் விகிதம் கெடாது, பொருளும் கெடாது. பேசுகிறவரே மெய்யெழுத்தை விழுங்கியிருந்தால் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. ஆகவே பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவுசெய்து தரும் அன்பர்களே, நிதானமாக, மாத்திரை குறையாமல் வாசியுங்கள். வேகத்தை அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.