457 முகங்கள், 23 ஆண்டுகள்

கைபேசியில் உள்ள ஒரு படத்தை அனுப்பினால், அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். நம் குடியிருப்பிலேயே இரண்டொரு வரவேற்பறைகளில் அப்படிப்பட்ட ஓவியங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இது நேற்று வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டோ எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஓர் ஓவியர் இந்த வேலையை மிகப் பெரிய அளவில் தொடங்கினார்.

சங்கதி இதுதான். ஒரு ஊர்த் தேவாலயத்துக்குப் போதகரை நியமிக்கும் உரிமை அங்கே பெரும்பாலும் நிலச்சுவான்தார்களிடம் இருந்தது. சபை மக்களுக்குப் பிடிக்காதவரையும் அவர்கள் தலையில் கட்டலாம். இதை எதிர்த்து 1843 மே 18 அன்று போதகர்கள் சபைக் கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். பிரிந்து போனவர்கள் மொத்தம் 450-க்கும் மேல். ஐந்து நாள் கழித்து டான்ஃபீல்ட் மண்டபத்தில் கூடி விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஒரு கையெழுத்தில் சம்பளமும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. 'ராஜினாமா செய்துவிடுவேன்' என்று மாதம் ஒருமுறை சொல்லிக்கொண்டே பணிக்காலம் முழுவதையும் ஓட்டிய என் போன்றவர்களுக்கு அதன் கனம் புரியும்.

இந்தக் காட்சியை வரைய முன்வந்தவர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். அவர் இயற்கைக் காட்சிகள் வரைகிறவர். நூற்றுக்கணக்கான முகங்களை எப்படி வரைவது? போதகர்களோ ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 'போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று யோசனை சொன்னவர் இயற்பியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர். ராபர்ட் ஆடம்சன் என்ற 22 வயது இளைஞரை ஹில்லுடன் சேர்த்துவைத்தவரும் அவரே.

அப்போது படம் பிடித்தது மருந்து தடவிய காகிதத்தில். கேலோடைப் என்று பெயர். கண்டுபிடித்த டால்பட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருந்தார். ஸ்காட்லாந்துக்கு அது செல்லாது. எனவே கட்டணச் செலவு மிச்சம். அறைக்குள் வெளிச்சம் போதாது என்பதால், நாற்காலி, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து, வெயிலில் ஓர் 'அறை'யை ஜோடிப்பார்கள். உட்காருபவர் அசையவே கூடாது. அந்தப் படங்களில் பலர் கன்னத்தில் கைவைத்தோ புத்தகத்தைப் பிடித்தபடியோ இருப்பதைக் கவனியுங்கள். தலையும் கையும் ஆடாமலிருக்க அது வசதி.

போதகர்களோடு அவர்கள் நிற்கவில்லை. நியூஹேவன் மீனவர்கள், கூடை சுமக்கும் மீன்காரப் பெண்கள் என்று நாலரை ஆண்டுகளில் ஏறக்குறைய 3000 படங்கள் எடுத்தார்கள். 1848-இல் ஆடம்சன் இறந்தார். வயது 26.

ஓவியம் முடிந்தது 1866-இல். சிற்பியான அவர் மனைவி அமீலியாவும் முடிக்க உதவினார். 11 அடிக்கு மேல் நீளம், 457 முகங்கள். உண்மையைச் சொல்கிறேன், ஓவியம் சுமார்தான். ஒவ்வொரு தலையும் தனித்தனி வெயிலில் உட்கார்ந்து எடுத்தது என்பது தெரிகிறது. பாஸ்போர்ட் அளவுப் படங்களை நெருக்கமாக ஒட்டிய விண்ணப்பப் படிவம் போல இருக்கிறது. குறிப்புக்காக எடுத்த போட்டோக்களையோ இன்று அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

ஆனாலும் அந்த ஓவியத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அன்று மண்டபத்துக்கு வர முடியாதவர்களையும் ஹில் அதில் உட்கார வைத்திருக்கிறார். சாட்சியாகப் பார்த்தால் இது செல்லாது. எந்தத் தணிக்கையாளரும் ஒப்பமாட்டார். ஆனால் சம்பளத்தையும் வீட்டையும் விட்டவர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமென்றால், அன்றைய காமிராவால் அது ஆகாது. தூரிகையால்தான் ஆகும். பிரிந்துபோன அந்தச் சபையே ஓவியத்தை வாங்கிக்கொண்டது. வீட்டில் மாட்ட விரும்பியவர்களுக்காகத் தாமஸ் அன்னன் என்பவர் அந்த ஓவியத்தையே போட்டோ பிடித்துப் பிரதிகள் போட்டார்!

பிரதி எங்காவது கிடைத்தால் கூட்டத்துக்குள் தேடிப் பாருங்கள். ஹில் வரைபுத்தகத்தோடு இருக்கிறார். பக்கத்தில், இறந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்ட ஆடம்சன், தன் காமிராவோடு.