டிக்கியில் நின்ற தண்ணீர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்துநான்கு வருட அரசு உத்தியோகத்தைச் சைக்கிளிலேயே முடித்தவன். காரைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு ஹைப்ரிட் காரின் டிக்கிக்குள், மூடிய கதவுக்கு அடியில், டார்ச் விளக்கோடு அரை மணி நேரம் சுருண்டு படுத்துக் கிடந்தேன். அது ஒன்றுதான் தகுதி.

2019 அக்டோபரில் பிரான்சில் மகள் வீட்டில் இருந்தேன். பாரிசுக்கு வடக்கே ஒரு ஊர். நம்மூர்க் குடும்பங்கள் பல உண்டு. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்ட் என்றால் ஆறரைக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு ஜப்பான் ஹைப்ரிட் வாங்கியிருந்தார்கள். அப்போது அதற்கு வயது பதின்மூன்று. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. ரப்பர் எந்தக் கம்பெனிக் காரிலும் ஒருநாள் கிழடாகும்.

ஒரு ஞாயிறு விடியற்காலை மகள் கோட்டு போட்டுக்கொண்டு போனவள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "வண்டி செத்துப்போச்சுப்பா. ஒரு லைட்டுகூட வரல." அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார். வயரைப் போட்டு உயிர் கொடுத்தால் கிளம்பும். இரண்டு நாளில் மறுபடி சாகும். கிளம்பினாலும் எதிரே உள்ள திரையில் தீபாவளி மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக எச்சரிக்கை விளக்குகள். பழுது பார்க்கும் இடத்தில், ஹைப்ரிட் என்றதும் கையை விரித்தார்கள். பெரிய பேட்டரி போயிருக்கும், மாற்றுகிற செலவு வண்டியின் விலையைத் தாண்டும், உடைக்கப் போட்டுவிடுங்கள் என்று வாய்மொழியாகத் தீர்ப்பு.

"விட்டுடலாம் மாமா. வேற வண்டி லோன்ல பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்கு வாங்கிய கடனே இன்னும் பதினொரு வருடம் பாக்கி என்பது எனக்குத் தெரியும்.

"ஒரு வாரம் இருங்க மாப்பிள்ளை" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் புரியவில்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் குறிப்பு எழுதாதே என்பது ஆபீசில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லப்பட்ட பாடம். காரின் கையேட்டை எடுத்தேன். பிரெஞ்சில் நானூறு பக்கத்துக்கு மேல். ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்த படிப்பு அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது.

அதில் தெரிந்துகொண்டது இது. அந்த வண்டியில் பேட்டரி இரண்டு. சக்கரத்தைச் சுழற்ற உதவும் பெரியது பின் சீட்டுக்குப் பின்னால். இருநூறு வோல்ட் அளவு. இன்னொன்று சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது முன்னால் எஞ்சின் பக்கம் இல்லை, டிக்கியின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை உலுக்கிக் கிளப்பும் வேலை இந்தச் சின்னதற்கு இல்லை. கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியின் வாசலைத் திறந்துவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. ஆனால் அந்த வாசலைத் திறக்க வேறு ஆளும் கிடையாது. கஜானா நிறையப் பணம் இருந்தாலும் சாவி வைத்திருக்கும் பியூன் வராவிட்டால் சம்பளம் கிடையாது. சின்னது தளர்ந்தால் கம்ப்யூட்டர் தடுமாறி, இல்லாத வியாதிகளையெல்லாம் திரையில் எழுதும்.

பெரியதும் சின்னதுமாக, பெட்ரோலும் மின்சாரமுமாக இப்படி ஒரு கலப்பு யாருக்குத் தோன்றியது? ஊர் நூலகத்தில் மோட்டார் வரலாற்றுப் புத்தகங்களை எடுத்து வந்தேன். 1997இல் ஜப்பானில் பிறந்த சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நூலக ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் என்று சொல்லுமளவுக்குப் பக்கத்திலேயே அதன் பழைய கதை கிடந்தது.

பாரிசுக்கு வடமேற்கே அஷேர் என்ற இடம். 1899 ஏப்ரல் 29 அன்று அங்கே கமீய் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஒரு வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டினார். நூறைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி அதுதான். டார்பிடோ மாதிரி உடம்பு. பெயர் 'லா ழமே கோந்தாந்த்', அதாவது 'ஒருநாளும் திருப்தியடையாதவள்'. அது பெட்ரோல் வண்டி இல்லை, பேட்டரி வண்டி. அந்தக் காலத்திலேயே பாரிசில் லூயி க்ரியேஜே என்பவர் குதிரை வண்டிகளின் முன்சக்கரங்களில் மின் மோட்டார் பொருத்தி ஓடவிட்டார். இறக்கத்தில் வண்டியின் வேகத்திலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாடும் அவரிடம் இருந்தது. இன்றைய ஹைப்ரிட்டில் பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறுகிறதே, அதே சூத்திரம்.

பேட்டரி வண்டியின் தொல்லை கனம். வியன்னாவில் லுட்விக் லோனர் என்ற சாரட்டு வண்டி முதலாளியிடம் வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினான்ட் போர்ஷே, 1900 பாரிஸ் பொருட்காட்சிக்கு ஒரு மின்சார வண்டியைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். ஈய பேட்டரி மட்டும் 410 கிலோ! பேட்டரியைக் குறைக்க வேண்டும், வண்டி நடுவழியில் நிற்கவும் கூடாது. என்ன செய்தார் என்றால், இரண்டு சின்ன பெட்ரோல் எஞ்சின்களை வண்டியில் ஏற்றினார். அவை சக்கரத்தைத் தொடாது. ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் மட்டும் தரும். முதல் ஹைப்ரிட் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அந்த எஞ்சின்கள் பிரெஞ்சுக்காரர்களான டி தியோன்-பூத்தோன் கம்பெனியுடையவை. வண்டிக்கு அவர் வைத்த பெயர் லத்தீனில் 'செம்பெர் விவுஸ்', என்றும் உயிரோடிருப்பது. பள்ளியில் இரண்டு வருடம் லத்தீனோடு மல்லுக்கட்டியவன் நான். அந்தப் பெயரைப் படித்துவிட்டு, வாசலில் செத்துக்கிடந்த எங்கள் வண்டியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

(நம்மூரில் இதே காலத்தில் புஸ்புஸ் வண்டி ஓடியது. துரை முன்னால் உட்கார்ந்து பிடியைப் பிடித்துத் திருப்புவார், பின்னால் ஒரு ஆள் தள்ளுவான். திருப்புவது ஒருவர், இழுவை இன்னொருவர். இதையும் ஹைப்ரிட்டில் சேர்க்கலாம். தள்ளினவனைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பான்.)

அதன்பின் இந்த யோசனை செத்துச் செத்துப் பிழைத்தது. சிகாகோவில் வுட்ஸ் கம்பெனி 1916 வாக்கில் 'டூயல் பவர்' என்று ஒன்றை விற்றது. மணிக்கு 15 மைல் வரை மின்சாரம், அதற்கு மேல் பெட்ரோல். விலை 2,650 டாலர். ஃபோர்டின் மாடல் டி அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்தபோது யார் வாங்குவார்கள்? அதற்கு முன்பே, 1912இல், கேடில்லாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கையால் கிராங்க் சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் பயம் போனதும் மின்சார வண்டிக்கு இருந்த பெரிய சலுகை போயிற்று. இதில் வேடிக்கை, பேட்டரி வண்டியை வீழ்த்தியது பெட்ரோல் வண்டிக்குள் புகுந்த ஒரு பேட்டரியும் சின்ன மோட்டாரும். எழுபதுகளில் அமெரிக்காவில் விக்டர் வூக் என்ற இன்ஜினீயர் 1972ஆம் வருட ப்யூக் ஸ்கைலார்க் காரை ஹைப்ரிட்டாக மாற்றி ஓட்டிக் காட்டினார். அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. கோப்பு மூடப்பட்டது. இப்படி மூடப்பட்ட கோப்புகள் எத்தனையை நானே கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

டொயோட்டாவில் 1993இல் தொடங்கிய முயற்சிக்குத் தலைமை இன்ஜினீயர் உச்சியாமதா தாக்கேஷி. முதல் மாதிரி வண்டியைச் செய்து சாவியைத் திருப்பினால் நகரவே இல்லை. 49 நாள் நகரவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமல் உலகத்தின் தேர்ந்த இன்ஜினீயர்கள் ஏழு வாரம் அதைச் சுற்றி நின்றார்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. பிறகு சில நூறு மீட்டர் ஊர்ந்து நின்றதாம். 1997 டிசம்பரில், க்யோட்டோவில் பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெயர் மறுபடி லத்தீன்: 'ப்ரியுஸ்'. முன்னதாக, முந்தியது என்று பொருள். காலத்துக்கு முந்திய வண்டி என்ற எண்ணத்தில் வைத்திருப்பார்கள். பல் சக்கரங்களின் ஒரு கூட்டத்தைக் கொண்டு பெட்ரோலையும் மின்சாரத்தையும் கணத்துக்குக் கணம் கலந்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம். கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. 2017 தொடக்கத்தில் அந்தக் கம்பெனி விற்ற ஹைப்ரிட் வண்டிகள் ஒரு கோடியைத் தொட்டன.

பதின்மூன்று வருட வண்டியில் பெரிய பேட்டரி போயிருக்கும் என்று சொன்னவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். போகத்தான் செய்யும். நிக்கல் பேட்டரிக்குச் சூடு எமன். அதைக் குளிரவைக்கப் பின் சீட்டு ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் உண்டு. எங்கள் வண்டியில் பேரனின் போர்வை பாதியை மூடியிருந்தது. உள்ளே கம்பளி நூலும் தூசியும் மெத்தை மாதிரி. பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் போதுமாயிருந்தன.

ஆனால் அசல் துப்பு கிடைத்தது மூக்குக்கு. டிக்கியைத் திறந்தபோது அடைமழையில் நனைந்த சாக்கு வாசனை. விரிப்பைத் தூக்கி, தட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி டயர் நாலு விரற்கடைத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. சின்ன பேட்டரி இருந்த மூலையில் இணைப்புகளெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தன. ஈரத்தின் வழியாக இரவெல்லாம் மின்சாரம் கசிந்திருக்கிறது.

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். வருடா வருடம் ஐப்பசியில் ஒழுகும். என் அப்பா காலத்துக் கொத்தனார் ஒருவர் சொல்வார்: "தம்பி, சொட்டுற எடம் வேற, பூருற எடம் வேற. சொட்டுற எடத்துல பூசினா என் கூலிதான் தண்டம்." உத்தரத்தின் வழியாக ஓடி வேறு அறையில் சொட்டும். காரும் அப்படித்தான். தண்ணீர் பள்ளத்தில் நிற்கிறது; நுழைந்த இடம் மேலே எங்கேயோ.

முதலில் துடைத்து இரண்டு நாள் காயவைத்தோம். உள்பக்க ஓரங்களில் குழந்தைப் பவுடரைத் தூவினோம். பிறகு நான் டிக்கிக்குள். மாப்பிள்ளை வெளியே பூவாளியோடு. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து குழப்பும். அதனால் கீழிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாணாக மேலே ஏறினோம். பம்பர் பக்கம் ஒன்றுமில்லை. இடது பின் விளக்கின் அருகே வந்ததும் பவுடரில் ஒரு கோடு ஓடிற்று. "நிறுத்துங்க மாப்பிள்ளை!" என்று கத்தினேன். விளக்கைச் சுற்றிய ரப்பர் கேஸ்கெட் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். மனசு கேட்காமல் கூரை வரைக்கும் ஊற்றச் சொன்னேன். டிக்கிக் கதவின் கீலுக்கு மேலே, கூரைத் தகடுகள் சேரும் தையலில் பூசியிருந்த பசை மயிரிழை வெடித்திருந்தது. இரண்டாவது கோடு அங்கிருந்து.

வீட்டுக் குளியலறையில் பூசும் சிலிக்கான் டியூப்பை மாப்பிள்ளை எடுத்து வந்தார். வேண்டாம் என்றேன். வினிகர் வாசனை அடிக்கும் அந்த வகை இரும்பை அரிக்கும். காருக்கென்று விற்கும் பாலியூரித்தேன் பசையும், விளக்குக்குப் பியூட்டைல் நாடாவும் வாங்கினோம். பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் பூசினோம். புது 12 வோல்ட் பேட்டரி ஒன்று. அது ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருப்பதால் அதன் வாயு வெளியே போக ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதை மாட்ட மறக்கக் கூடாது. பெரிய பேட்டரியிலிருந்து போகும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நாங்கள் தொடவில்லை. ஈரம் அங்கே எட்டவில்லை என்பதை அந்தப் படிப்புப் படித்த ஒருவரைக் காசு கொடுத்து வரவழைத்துச் சோதிக்க வைத்தோம். அவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஐந்தரை மணிக்கு ஜன்னலருகே நின்றேன். ஹைப்ரிட் வண்டி கிளம்பினால் சத்தம் வராது என்பது அப்போதுதான் உறைத்தது. தெருக்கோடியில் சிவப்பு விளக்கு இரண்டும் திரும்புவதைப் பார்த்தபின் காப்பி போடப் போனேன்.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் மகள் ஸ்டெப்னிப் பள்ளத்தில் பழைய பேப்பர் விரித்துவைத்து, முதல் பெரிய மழைக்கு மறுநாள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். போன வருடப் படத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் காசளவு நனைந்திருந்தது. மாப்பிள்ளையிடம் வலது விளக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.