தாய்ப்பால் ஆலோசகர்: ஒரு தொழில் உருவான வரலாறு

குழந்தை மார்பை எப்படிக் கவ்வ வேண்டும், பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பனவற்றைப் பிள்ளை பெற்றவளின் தாயும் மருத்துவச்சியும் அருகிருந்து சொல்லிக்கொடுத்த வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் பேறுகாலம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது நலிந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பேறு பார்ப்பதும், பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைப்பதும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பால் கொடுக்கச் சொல்வதும் அங்கு நடைமுறையாயின. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஊட்டினால் சுரப்பு குறையும். அவ்வாறு குறைந்ததைத் தாயின் உடற்குறையாகக் கருதிய மருத்துவர்கள் புட்டிப்பாலைப் பரிந்துரைத்தனர். 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டில் தாய்ப்பால் ஊட்டத் தொடங்கியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே என்பது இதன் விளைவாகும்.

இந்நிலையை மாற்ற முதலில் முனைந்தவர்கள் தாய்மார்களே. 1956இல் இல்லினாய் மாநிலத்தின் பிராங்க்ளின் பார்க் என்னும் ஊரில் மேரி ஒயிட், மேரியன் டாம்ப்சன் முதலிய ஏழு பெண்கள் கூடி, லா லெச்சே லீக் என்னும் அமைப்பை நிறுவினர். வீட்டுக் கூடத்தில் நடந்த அதன் கூட்டங்களில், தாம் பாலூட்டித் தேர்ந்த பெண்கள் புதிய தாய்மாருக்குக் கட்டணமின்றி வழிகாட்டினர். 1964இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேரி பேட்டன் இத்தகைய ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். மருத்துவ நூல்கள் கைவிட்ட ஓர் அறிவைக் காத்துத் தந்த பெருமை இவர்களையே சாரும்.

ஆயினும், குறைமாதக் குழந்தைக்கோ பிளவுபட்ட அண்ணத்துடன் பிறந்த குழந்தைக்கோ பாலூட்ட உதவ வேண்டுமானால் மருத்துவமனைக்குள் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பெறச் சான்றிதழ் வேண்டும். இதனை உணர்ந்து, லா லெச்சே லீக் அளித்த கடனுதவியுடன் 1985இல் பன்னாட்டுத் தேர்வு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் வாஷிங்டனிலும் மெல்போர்னிலும் முதல் தேர்வு நடந்தது. பாலூட்டல் ஆலோசகர்களுக்கான பன்னாட்டுச் சங்கமும் அதே ஆண்டில் பிறந்தது. பால்மாவு விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதித்தொகுப்பை உலக நலவாழ்வுப் பேரவை 1981இல் நிறைவேற்றியிருந்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. பால்மாவு நிறுவனங்களின் பணத்துக்குக் கட்டுப்படாதவராக ஆலோசகர் இருக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு அத்தொகுப்பே அடிப்படை.

இன்று இத்தொழிலில் நுழைய விரும்புவோர் உடற்கூறு, ஊட்டச்சத்து முதலிய நலவியல் பாடங்களையும், பாலூட்டல் பற்றிய 95 மணி நேரத்துக்குக் குறையாத தனிக்கல்வியையும் முடித்தாக வேண்டும். அதன்பின் தாய்மாருக்கு நேரடியாக உதவிய அனுபவத்தைக் காட்ட வேண்டும். செவிலியர் போன்ற நலத்துறையினருக்கு இது 1000 மணி நேரம். ஏற்பளிக்கப்பட்ட கல்வித்திட்டத்தில் பயில்வோர்க்கு 300. தேர்ந்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் பயில்வோர்க்கு 500. தேர்வில் வென்ற பின்னரும் சான்றிதழை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இவ்விதிகளில் மிகவும் போற்றத்தக்கது, அங்கீகாரம் பெற்ற தாய்மார் உதவி அமைப்புகளின் தொண்டர்கள் ஆற்றிய பணியையும் அந்த 1000 மணி நேரக் கணக்கில் ஏற்கும் விதியாகும். மருத்துவப் பட்டம் இல்லாத பெண்கள் கட்டியெழுப்பிய தொழிலில் அத்தகைய பெண்களுக்கு இடமில்லாமற் போயிருந்தால் அது பெரும் அநீதியாகும். செலவும் பாடச்சுமையும் ஏறிவரும் இக்காலத்தில் அந்த வழியை அடைத்துவிடாமல் காப்பது தேர்வு வாரியத்தின் கடமை.