தேர்வு என்ற ஒரே சொல்

பரீட்சைக்கும் தமிழில் தேர்வு என்றுதான் பெயர், தெரிந்தெடுப்பதற்கும் அதே பெயர்தான். ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு இரண்டிலும் முதலாண்டு மாணவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று ஒப்பிட உட்கார்ந்தபோது இந்தச் சொல்லே கைகொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் முதலாண்டுப் பிள்ளையை வாட்டுவது முதல் பொருளிலான தேர்வு. ஹார்வர்டில் வாட்டுவது இரண்டாம் பொருளிலானது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறவள் என்ன படிப்பது என்பதைப் பள்ளியிலேயே முடிவுசெய்துவிடுகிறாள். வரலாறோ வேதியியலோ, விண்ணப்பத்திலேயே எழுதியாக வேண்டும். நேர்காணலில் எதிரே உட்காருபவர்களும் பெரும்பாலும் பின்னால் பாடம் நடத்தப்போகிற ஆசிரியர்களே. அக்டோபரில் பெட்டியோடு கல்லூரி வாசலில் வந்து இறங்கும்போது தெரிந்தெடுக்க அதிகம் மிச்சமில்லை. கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து ஷெல்டோனியன் அரங்கில் லத்தீன் சொற்களைக் கேட்டுவிட்டு வந்தால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாயிற்று. போட்லியன் நூலகத்துக்கு ஓர் உறுதிமொழியும் உண்டு: உள்ளே தீ மூட்ட மாட்டேன், புகைக்க மாட்டேன். மெழுகுவத்திக் காலத்து பயம் இன்னும் சொல்லில் நிற்கிறது.

அதன்பின் தொடங்குவது டுடோரியல். நம் ஊரில் டுடோரியல் என்றால் பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவர்கள் போய் உட்காரும் மாடிக் கட்டடம். அங்கே அதுதான் படிப்பின் உயிர்நாடி. ஓர் ஆசிரியர், எதிரே இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், ஒரு மணி நேரம். வரலாறு படிப்பவளுக்கு ஒரு கேள்வியும் நீண்ட நூல் பட்டியலும் முன்பே வந்துவிடும். படித்து, இரவு விழித்து, கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும். அறிவியல் மாணவர்களுக்குக் கணக்குத் தாள்களும் ஆய்வகமும். விரிவுரைகளும் நடக்கின்றன, பல பாடங்களில் போகாவிட்டால் யாரும் பெயர் எடுப்பதில்லை. ஆனால் டுடோரியலில் ஒளிய இடமில்லை. நாற்பது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவளுக்கு முதல் வாரமே அது விளங்கிவிடும். "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்று கேட்டால் பதில் அவளிடமிருந்துதான் வர வேண்டும்.

ஒரு பருவத்துக்கு எட்டு வாரம், ஆண்டுக்கு மூன்று பருவம். பாடம் நடக்கும் காலம் மொத்தம் 24 வாரம்தான். கேட்கும்போது சுகவாழ்வு போலத் தெரியும். எட்டு வாரத்துக்குள் இத்தனையையும் அடைத்துத் திணிப்பதால் ஐந்தாம் வாரம் வரும்போது எல்லோருக்கும் ஒரு சோர்வு தட்டுகிறது. அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஐந்தாம் வார ப்ளூஸ் என்று. இடையில் வரும் விடுமுறையும் பெயருக்குத்தான். திரும்பி வந்ததும் கல்லூரியே ஒரு பரீட்சை வைக்கும். முதலாண்டு முடிவில் பெரும்பாலான பாடங்களுக்குப் பிரிலிம்ஸ் என்ற பரீட்சை. அதன் மதிப்பெண் பொதுவாக இறுதிப் பட்டத்தின் தரத்தில் சேராது, தேறினால் போதும். ஆனாலும் யாரும் அலட்சியமாக இருப்பதில்லை. அதில் சிறந்து வருபவர்களுக்குப் பல கல்லூரிகள் ஸ்காலர் என்ற தகுதியும் நீளமான அங்கியும் தருகின்றன. மற்றவர்களுக்குக் கையில்லாத குட்டை அங்கி. மதிப்பெண்ணை உடம்பில் மாட்டிக்கொண்டு கல்லூரி விருந்துக்குப் போகும் ஏற்பாடு! எனக்கு இது பிடிக்கவில்லை.

ஹார்வர்டின் முதலாண்டுக்காரர் வேறு மாதிரி வந்து சேருகிறார். நூறு பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம் என்ற சல்லடையைத் தாண்டியவர். ஆனால் என்ன படிக்கப்போகிறார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கான்சன்ட்ரேஷன் என்று அவர்கள் சொல்லும் முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் நடுவில் அறிவித்தால் போதும். அதுவரை பருவத்துக்கு நான்கு பாடங்கள், நூற்றுக்கணக்கானவற்றிலிருந்து. காலையில் கணினி அறிவியல், பிற்பகலில் பௌத்தச் சிற்பம் என்று போகலாம். வேண்டுமானால் தமிழும் எடுக்கலாம். உலகெங்கும் தமிழர்கள் பணம் திரட்டி அங்கே ஓர் இருக்கை நிறுவியது அதற்குத்தானே. தப்பிக்க முடியாதது ஒன்றுதான்: எக்ஸ்போஸ் என்னும் எழுத்துப் பயிற்சி வகுப்பு. 1872 முதல் எல்லோருக்கும் அது கட்டாயம். முன்பு பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம் எந்த வகுப்பிலும் நுழைந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். ஷாப்பிங் வாரம் என்பார்கள். 2022-ல் ஆசிரியர்கள் வாக்களித்து அதை நீக்கிவிட்டார்கள். கடை போனது, வாங்க வந்தவரின் மனநிலை போகவில்லை.

தங்குவதும் உண்பதும்கூட வேறுபடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் பெரும்பாலும் தனியறை. பழகுவது தன் கல்லூரியின் நூறு சொச்சம் புதியவர்களோடு. ஹார்வர்டு யார்டின் செங்கல் விடுதிகளில் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். யாரோடு யார் என்பதை மாணவர்கள் நிரப்பித் தந்த படிவங்களைப் படித்துப் பார்த்து அலுவலர்கள் தீர்மானிக்கிறார்கள். சுமார் 1,650 முதலாண்டுக்காரர்களுக்கும் ஆனன்பெர்க் என்ற ஒரே சாப்பாட்டுக் கூடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் மடிந்த மாணவர்களின் நினைவாக எழுந்த கட்டடம் அது. தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று நிற்பதும் அங்கே ஒரு தேர்வுதான்.

இந்தத் தெரிந்தெடுக்கும் சுமை மார்ச்சில் உச்சத்துக்குப் போகிறது. அடுத்த மூன்று ஆண்டு யாரோடு வாழ்வது என்று எட்டுப் பேர் வரையிலான குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு விடுதி இல்லங்களில் எது கிடைக்கும் என்பது குலுக்கல். ஆனால் குழுவில் யார் இருப்பது குலுக்கல் இல்லை. செப்டம்பரில் அறிமுகமான நட்பை மார்ச்சில் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பதினெட்டு வயதில் ஒருவரை எட்டுப் பேரில் சேர்க்காமல் விடுவது சின்ன விஷயமில்லை.

மதிப்பெண் பக்கம் நிலைமை நேர்மாறு. 2025-ல் ஹார்வர்டே வெளியிட்ட அறிக்கையின்படி இளநிலையில் தரப்படும் மதிப்பெண்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ‘ஏ’. எல்லோருக்கும் ‘ஏ’ என்றால் தான் யார் என்று காட்ட வேறு களம் வேண்டும். அந்தக் களம் மாணவர் மன்றங்கள். அவற்றில் பலவற்றில் சேர்வதற்கே காம்ப் என்ற பல வாரச் சோதனையும் நேர்காணலும் வைக்கிறார்கள். 1873-ல் தொடங்கிய கிரிம்சன் நாளிதழிலும் இந்த வழிதான். நாட்டின் மிகக் கடினமான சல்லடைகளில் ஒன்றைத் தாண்டி வந்தவர் முதல் மாதமே ஒரு மாணவர் மன்றத்திடமிருந்து "இடமில்லை" என்ற பதிலைக் கேட்க நேரலாம்.

ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே அதிகம் தடுமாறும்? எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். ஆந்தனி ஜாக் என்ற சமூகவியலாளர் 2019-ல் ‘தி பிரிவிலெஜ்டு புவர்’ என்ற நூலில், பெயர் மறைத்த ஓர் அமெரிக்க உயர்தரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதினார். ஆசிரியரைத் தனியே சந்திக்கும் ‘ஆஃபீஸ் ஹவர்ஸ்’ என்றால் என்னவென்றே பல ஏழை மாணவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வசந்த விடுமுறையில் சாப்பாட்டுக் கூடத்தை மூடியபோது ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் பசியோடு கிடந்தார்கள். கதவு திறந்திருக்கிறது, நீயே வா என்னும் முறையில் கதவு எங்கே என்று தெரிந்தவர்களே உள்ளே போகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் டுடோரியல் கூச்சம் பார்ப்பதில்லை; எல்லோரையும் வாரந்தோறும் ஆசிரியர் முன் உட்காரவைத்துவிடுகிறது. கற்பித்தலை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குத்தான்.

பணத்தைச் சேர்த்தால் கதை மாறும். பருவ காலத்தில் சம்பள வேலை பார்ப்பதை ஆக்ஸ்ஃபோர்டு பொதுவாக விரும்புவதில்லை. இந்தியாவிலிருந்து போகிறவர் கட்ட வேண்டிய கட்டணமோ உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. ஹார்வர்டில் 2025-26 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் உள்ள குடும்பத்தின் பிள்ளைக்குத் தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். வெளிநாட்டு மாணவருக்கும் தேவையைப் பொறுத்து உதவி உண்டு. இடம் கொடுக்கும்போது அவருடைய பணநிலையைப் பார்ப்பதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. பாடத்தின் பெயரை எழுதாமல் அனுப்ப முடியாது. ஹார்வர்டுக்கு ஜனவரி 1. இன்னும் முடிவுசெய்யவில்லை என்று எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள்.