கொழுந்துக் கூடையும் திரைச்சீலையும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உட்துறைமுகத்தை நோக்கினால், மே முதல் செப்டெம்பர் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அதே மாதங்களில் தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளையும் மழையில் நனைக்கும். கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது மழை திருகோணமலைக்குரியது. வணிகப் பொருளொன்றுக்குப் படம் பிடிக்க வருபவர், வெட்டவெளியா ஸ்டூடியோவா என்று முடிவு செய்யுமுன் இத்தீவின் வானத்தை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். இக்கேள்வி புதிதன்று. இலங்கைத் தேயிலைக்கு உலகச் சந்தையில் ஒரு முகம் தேவைப்பட்ட காலத்திலேயே இது எழுந்துவிட்டது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் பின்னர் கோப்பிப் பயிரையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அந்நாட்களில் புகைப்படக் கலைஞரின் கைகளைக் கட்டிவைத்தது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெப்ப நாட்டில் அந்த ஈரம் சில நிமிடங்களே நிற்கும். எனவே வெளிக்களப் படமென்றால் இருட்டறைக் கூடாரம், மருந்துப் போத்தல்கள், கண்ணாடித் தகடுகள் யாவும் சுமைகாரர் தலையில் ஏறி மலைப்பாதை வழியே செல்ல வேண்டும். ஸ்டூடியோவிலோ இருட்டறை அடுத்த வாயிலில் இருந்தது.

கண்டியில் 1870களில் தொழில் நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன் இரண்டையும் செய்தார். அவருடைய ஸ்டூடியோவில் தமிழ்ப் பெண்கள் மூக்குத்தியும் வளையும் ஆரமுமாக அமர்ந்தனர். 1890இல் கொழும்பில் தோன்றிய பிளாட்டே நிறுவனமும் இத்தகைய படங்களை விற்றது. கப்பலில் வந்திறங்கிய பயணிகள் அவற்றை வாங்கிச் சென்றனர். படம் அழகியது, ஆனால் நகை பூண்ட அவ்வுருவம் அவளுடைய வேலையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாது.

அப்படியாயின் வெளிக்களப் படமே உண்மையானது என்று கருதலாமோ? அதுவும் அவ்வளவு எளிதன்று. ஈரத்தகட்டுக்குப் பல விநாடிகள் அசையாது நிற்க வேண்டும். கொழுந்து பறிக்கும் விரல்களோ நிற்பதில்லை. ஆகவே தேயிலைச் செடிகளுக்கிடையே பெண்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு, கை தொட்ட நிலையிலேயே உறைந்து நின்றனர். மேலே கூரை இல்லை என்பதொன்றே ஸ்டூடியோவுக்கும் அதற்கும் வேறுபாடு என்று சொன்னாலும் பெரிதும் மிகையாகாது.

1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் அறிவித்த உலர்தகட்டு முறை, அடுத்த பத்தாண்டில் பரவிப் படப்பெட்டிக்கு விடுதலை அளித்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கியபோது வெளியே செல்வதற்கு இருந்த பழைய தடை நீங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து இடைத்தரகரின்றி வீட்டுக்கு வரும் தேயிலை என்பதே அவர் விற்ற கருத்து. அக்கருத்துக்கு மலைச்சரிவு வேண்டும். மலைச்சரிவு ஸ்டூடியோவுக்குள் வராது. ஆயினும் அவருடைய விளம்பரங்களில் பெரும்பாலும் நின்றவள், கூடையுடன் புன்னகை பூத்த, ஓவியர் தீட்டிய தமிழ்ப் பெண். மழைக்கும் அட்டைக்கடிக்கும் உட்படாத உருவத்தையே வணிகர் விரும்பினர். இடத்தை வெளிக்களம் தந்தது. முகத்தை ஸ்டூடியோவின் வழக்கம் தந்தது.

வணிகத்துக்காகப் படமெடுக்காத ஒருவரும் அன்று இங்கு இருந்தார். 1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரெட் கமரன், களுத்துறையில் தம் வீட்டைச் சூழ வாழ்ந்தோரை இயற்கை ஒளியில் படம்பிடித்தார். அம்முகங்களில் விற்பனைக்குரிய புன்னகை இல்லை. 1879இல் அவர் காலமானார்.

பழைய தேயிலைப் படங்களின் அடியில் ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். சிலவற்றில் தோட்டத்தின் பெயரும் இருக்கும். நின்ற பெண்ணுக்கு எழுதப்பட்டது பெரும்பாலும் 'தமிழ்ப் பெண்' என்பது மட்டுமே. அந்த உருவம் உலகெங்கும் அறிமுகமாகியிருந்த 1948ஆம் ஆண்டில், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.