கீரையாகத் தொடங்கிய பீட்ரூட்

கடையில் பீட்ரூட் வாங்குவோர் பலர், அதன் இலைகளை முறித்துக் கடைக்காரரிடமே விட்டுவருவர். வரலாற்றை நோக்கினால், முதலில் மனிதன் உண்டது அந்த இலையைத்தான். மத்தியதரைக் கடலோரத்தில் தானே முளைத்த ஒரு கீரையே இச்செடியின் மூலம். கிரேக்கரும் ரோமானியரும் இலையைச் சமைத்து உண்டனர்; வேர் பெரும்பாலும் மருந்துக்கே பயன்பட்டது. உருண்டு திரண்ட செங்கிழங்கு ஐரோப்பியத் தோட்டங்களில் பரவலானது 16-ஆம் நூற்றாண்டை ஒட்டியே.

வட இந்தியாவில் வாழும் நேயர்கள் அன்றாடம் உண்ணும் பாலக் கீரையையும் தாவர நூலார் பீட்ரூட்டின் இனத்திலேயே சேர்க்கின்றனர். இதனைப் 'பசலை' என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடன்று. நம் பசலை கொடியாய்ப் படர்வது, வேறு குடும்பத்தது. பீட்ரூட் இலையைப் பாலக்கைப் போலவே பருப்பிட்டுக் கூட்டாக்கலாம், பொரிக்கலாம், தண்டும் வீணன்று.

இச்செடி அரசியலுக்குள் புகுந்த கதை 1747-இல் தொடங்குகிறது. பெர்லின் நகர வேதியியலறிஞர் மார்கிராஃப், பீட் கிழங்கிலுள்ள சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே எனக் கண்டார். அவர் மாணவர் ஆக்கார்டு, இனிப்பு மிகுந்த வெள்ளைக் கிழங்கைத் தேர்ந்து பயிரிட்டு, 1801-இல் சைலீசியாவின் கூனெர்னில் ஆலை நிறுவினார். எனினும் இத்தொழிலை வளர்த்தது போரேயாகும். நெப்போலியன் 1806-இல் ஆங்கிலேய வாணிகத்துக்குத் தடை விதித்தான். ஆங்கிலேயக் கடற்படையோ பிரெஞ்சுத் துறைமுகங்களை அடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை அரிதாயிற்று. 1811-இல் 32,000 ஹெக்டேரில் பீட் பயிரிடுமாறு ஆணை பிறந்தது. மறு ஆண்டு பாஸியில் தெலெஸ்ஸேர் என்பார் நல்ல சர்க்கரை எடுத்துக் காட்டியபோது, நெப்போலியன் தன் மார்பிலிருந்த விருதுச் சின்னத்தையே கழற்றி அவருக்கு அணிவித்தான் என்பர்.

1815-க்குப்பின் கடல்வழி திறந்தது. மலிவான கரும்புச் சர்க்கரை மீண்டும் வந்து குவிய, ஆலைகள் பல மூடப்பட்டன. ஆயினும் தொழில் அழியவில்லை. பிரான்சில் வில்மோரன் குடும்பத்தார் விதைகளைத் தேர்ந்து தேர்ந்து கிழங்கின் இனிப்பை உயர்த்தினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனி முதலிய அரசுகள் ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகையும் அளிக்கவே, பீட் சர்க்கரை உலகச் சந்தையை நிரப்பிற்று. 1884-இல் விலை சரிந்தது.

அச்சரிவு ஐரோப்பிய உழவனின் வயலோடு நிற்கவில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழர் வெட்டியது கரும்பு. கரும்புக்கு விலையில்லையெனில் தோட்ட முதலாளி கை வைப்பது கூலியில்தான். டிரினிடாடில் அவ்வாண்டுகளில் கூலி குறைந்தது, அன்றாட வேலையின் அளவு கூடிற்று. ஊக்கத்தொகைகளை நிறுத்தும் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1902-இல்.

இன்று உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பீட்டிலிருந்தே வருகிறது, எஞ்சியது கரும்பினது.