புலப்படங்களும் படிமச் செயலாக்கமும்: தாம்பரம் வட்டாரம்

புலப்படம் என்பது ஒரு புல எண்ணுக்குரிய நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் தொழில்நுட்ப வரைபடம் ஆகும். ஒரு கிராமத்தின் புலப்படங்கள் அடங்கிய ஏடு 'எஃப்எம்பி' என்று வழங்கப்படுகிறது. தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் வயல்கள் வீட்டுமனைகளானபோது, எல்லைத் தகராறுகளில் இந்த ஏடுகள் முதன்மைச் சான்றாயின. அவற்றில் உள்ள கோடும் எண்ணும் தெளிவாக இருப்பது நில உரிமையோடு தொடர்புடையது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை 1858-இல் தொடங்கியது. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலி அளவைக்குப் பயன்பட்டது. அதில் 100 லிங்க் உண்டு. புலத்தின் குறுக்கே 'ஜி லைன்' எனப்படும் கோட்டை அளந்து, அதிலிருந்து எல்லை வளைவுகளுக்கான செங்குத்துத் தூரங்களைக் குறிப்பர். பிற்கால மறு அளவைகளில் மீட்டர் அளவு வந்தது.

2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதற்கு வெகுகாலம் முன்பே இங்கு மனைப்பிரிவுகள் பெருகியிருந்தன. நிலம் பிரியப் பிரிய, ஒரே புல எண்ணுக்குள் உட்பிரிவுக் கோடுகளும் சிறிய எண்களும் நெருக்கமாகின்றன. பழைய தாள் பழுப்பேறி மடிப்பில் தேய்ந்தால் முதலில் மறைவது இந்தச் சிறு எண்களே.

தெளிவாக்கும் முறைகள்

ஸ்கேன் செய்த சாம்பல்நிறப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் பொதுவாக 0 முதல் 255 வரையான எண்ணாகப் பதிவாகிறது. ஒரு வரம்பெண்ணுக்குக் கீழுள்ளவற்றைக் கறுப்பாகவும் மேலுள்ளவற்றை வெள்ளையாகவும் மாற்றுவது இருமமாக்கல். அந்த வரம்பைப் படமே தரும் விவரங்களிலிருந்து கணக்கிடும் முறையை ஜப்பானிய அறிஞர் நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்டார். தாள் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் இம்முறை நன்கு செயல்படும். கறைபட்ட தாளில் ஒரு மூலை கறுத்துவிடும் அல்லது மெல்லிய கோடு மறைந்துவிடும். இக்குறையைக் குறைக்க, நிப்ளாக் (1986), சவோலா, பியெடிகெய்னன் (2000) ஆகியோர் ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் பார்த்துத் தனித்தனி வரம்பு கணக்கிடும் முறைகளை அளித்தனர்.

எச்சரிக்கை

தூசுப் புள்ளிகளை நீக்கும் வடிகட்டிக்குத் தூசும் தசமப்புள்ளியும் ஒன்றுதான். 12.4 மீட்டர் என்பதில் புள்ளி அழிந்தால் 124 ஆகிவிடும். தமிழ்நாட்டில் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய 'கொலாப்லேண்ட்' மென்பொருளில், ஏட்டிலுள்ள அளவுகளை உள்ளிட்டே புலப்படம் மீண்டும் வரையப்படுகிறது. ஆகவே மூலத்தில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் எல்லைக்கோடே நகரும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உதவுகின்றன. வரைந்த உட்பிரிவுகளின் பரப்பைப் பதிவேட்டிலுள்ள பரப்போடு ஒப்பிட்டால், பெரிய பிழை வெளிப்படும். மேலும், தெளிவாக்கிய பிரதியோடு மாற்றப்படாத ஸ்கேன் படத்தையும் மூல ஏட்டையும் பாதுகாக்க வேண்டும். ஐயம் எழும்போது படிக்க வேண்டியது, கறையோடு இருந்தாலும், அந்த மூலத்தையே.